கடிவாய்க்கும் கட்டிலுக்கும் நடுவே
(அயோத்திதாசர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம். கதிர்காமம், புதுச்சேரி)



அயோத்திதாசப் பண்டிதரின் நினைவாக நடக்கும் கூட்டத்தில் பேச வருகிறவர்கள் 1898இல் அவர் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்தைப் பற்றிப் பேசுவார்கள். 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்ற பெயரில் வெளிவரத் தொடங்கிய அவருடைய இதழைப் பற்றிப் பேசுவார்கள். அதற்கான புலமை உள்ளவர்கள் இந்த மேடையில் பேசியிருக்கிறார்கள், இனியும் பேசுவார்கள். நான் ஒரு மருத்துவர். பண்டிதரும் சித்த மருத்துவர். நாடி பார்த்தவர், மருந்து கொடுத்தவர். அந்த ஓர் உறவை மட்டும் பிடித்துக்கொண்டு இன்று பாம்புக்கடியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இலக்கிய மன்றத்தில் பாம்புக்கடிக்கு என்ன வேலை என்று உங்களில் சிலர் நினைக்கலாம். பேச்சு முடியும்போது அந்தக் கேள்வி இருக்காது என்று நம்புகிறேன்.

யாரைக் கடிக்கிறது

முதலில் கணக்கு. 2000 முதல் 2019 வரையிலான 20 ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேர் என்று ‘பத்து லட்சம் மரணங்கள் ஆய்வு’ என்ற பெரிய கணக்கெடுப்பை வைத்து மதிப்பிட்டிருக்கிறார்கள். ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். அதே ஆய்வை வைத்து 2005ஆம் ஆண்டுக்குத் தனியாகப் போட்ட கணக்கு ஒன்று உண்டு. அந்த ஒரு வருடத்தில் சுமார் 45,900 பேர் இறந்தார்கள். அவர்களில் 97 சதவீதம் பேர் கிராமத்தார். மருத்துவமனைக்குள் இறந்தவர்கள் 23 சதவீதம்தான். மிச்சமுள்ளவர்கள் வீட்டிலும் வழியிலும் இறந்தார்கள்.

கிராமம் என்று மொத்தமாகச் சொல்லிவிட்டால் பாதி விஷயம் மறைந்துபோகும். கிராமத்தில் மச்சு வீட்டில் கட்டிலில் படுப்பவரும் உண்டு, கூரை வீட்டில் தரையில் பாய் போட்டுப் படுப்பவரும் உண்டு. ராத்திரி மின்சாரம் வந்ததும் மோட்டார் போட ஆளை அனுப்புகிறவரும் உண்டு, டார்ச் இல்லாமல் வரப்பில் நடக்கிற அந்த ஆளும் உண்டு. கரும்பு வெட்டுவது யார், களை பறிப்பது யார், வைக்கோல் போரில் கை விடுவது யார், கழிப்பறை இல்லாமல் இருட்டில் ஓடைப் பக்கம் ஒதுங்குவது யார்? பாம்புக்குச் சாதி தெரியாது. ஆனால் பாம்பு இருக்கும் இடத்துக்கு யார் வெறுங்காலோடு போக வேண்டும் என்பதைச் சாதி எப்போதோ முடிவு செய்துவிட்டது.

உலக சுகாதார நிறுவனம் 2017இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. புறக்கணிக்கப்பட்டது நோயா, நோயாளியா என்று நாம் கேட்க வேண்டும்.

‘பூச்சி’ என்ற சொல்

இங்கே எழுத்தாளர்கள் இருப்பதால் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்கிறேன். நம் ஊர்களில் பொழுது சாய்ந்தபின் பாம்பு என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ‘பூச்சி’ என்பார்கள். ‘பூச்சி பொட்டு கெடக்கும், பாத்துப் போ’ என்று பாட்டி சொன்னால் அது பாம்பைத்தான். இந்த வழக்கு நகரத்திலிருந்து வரும் இளம் மருத்துவருக்குத் தெரியாது. ராத்திரி 11 மணிக்கு ஒரு அம்மா வந்து ‘கால்ல பூச்சி கடிச்சிடுச்சு’ என்கிறார். மருத்துவர் வண்டு, பூரான் என்று நினைத்து ஊசி ஒன்று போட்டு அனுப்பிவிடுகிறார். ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொள்வதால் உயிர் போகிற இடம் இது. மருத்துவக் கல்லூரியில் இதைச் சொல்லித் தருவதில்லை. ‘பூச்சி’ என்றால் ‘எந்தப் பூச்சி, கண்ணால் பார்த்தீர்களா, எங்கே, எந்த நேரத்தில்’ என்று கேட்க வேண்டும்.

நான்கு பாம்புகள், இரண்டு வேலைகள்

நம் பகுதியில் உயிரைக் குடிக்கும் பாம்புகள் முக்கியமாக நான்கு: நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இவற்றின் நஞ்சு செய்யும் வேலையைப் பெரும்பாலும் இரண்டு வகையாகப் பிரிக்கலாம்.

கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் இரத்தத்தைத் தாக்குகின்றன. இரத்தத்தை உறைய வைக்கும் பொருட்களை நஞ்சு தீர்த்துவிடுகிறது. பிறகு ஈறில், சிறுநீரில், ஊசி குத்திய இடத்தில் இரத்தம் நிற்காமல் கசியும். கண்ணாடி விரியன் சிறுநீரகத்தையும் கெடுக்கும். உயிர் பிழைத்தாலும் டயாலிசிஸ் தேவைப்படுகிறவர்கள் உண்டு.

நல்ல பாம்பும் கட்டு விரியனும் நரம்புக்கும் தசைக்கும் நடுவே உள்ள தொடர்பை அறுக்கின்றன. முதலில் இமை தொங்கும். பிறகு பேச்சு குழறும், எச்சில் விழுங்க முடியாது, தலை நிற்காது. கடைசியில் மூச்சு விடும் தசைகள் நின்றுபோகும். நல்ல பாம்பு கடித்த இடம் வீங்கி வலிக்கும். கட்டு விரியன் அப்படி இல்லை. அது நள்ளிரவில் தரையில் தூங்குகிறவரைக் கடிக்கும். வலி இருக்காது, தடமும் சரியாகத் தெரியாது. விடியற்காலையில் வயிற்று வலி என்று எழுந்திருப்பார்கள்.

எல்லாக் கடியிலும் நஞ்சு ஏறுவதில்லை. விஷமில்லாத பாம்பு கடித்திருக்கலாம். விஷப்பாம்பே நஞ்சை இறக்காமல் கடித்திருக்கலாம். மந்திரிப்பவரின் புகழ் இங்கேதான் வளர்கிறது. நஞ்சு ஏறாதவர்கள் எல்லோரும் அவரால் பிழைத்தவர்கள் ஆகிவிடுகிறார்கள். மந்திரிப்பவரிடம் போகிறவர்களை நான் இகழ மாட்டேன். அவர் அதே தெருவில் இருக்கிறார், நடுராத்திரியில் கதவைத் திறக்கிறார், மரியாதையாகப் பேசுகிறார். அரசு மருத்துவமனையும் இந்த மூன்றையும் செய்தால் அவரிடம் போகும் கூட்டம் தானாகக் குறையும்.

சின்ன மருத்துவமனை என்ன செய்ய முடியும்

கதிர்காமத்தில் ஒருவரைப் பாம்பு கடித்தால் பயமில்லை. 2010இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இந்த ஊரிலேயே இருக்கிறது. கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. ஆனால் பாம்பு அதிகம் கடிப்பது பாகூர் வயலிலும் மண்ணாடிப்பட்டுப் பக்கத்திலும் எல்லை தாண்டினால் விழுப்புரம், கடலூர் மாவட்டக் கரும்புக் கொல்லைகளிலும்தான். அங்கே முதலில் கண்ணில் படுவது ஆரம்ப சுகாதார நிலையம். அங்கிருக்கிற இரண்டு மூன்று பேர் அடுத்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ‘வசதி இல்லை, பெரியாஸ்பத்திரிக்குப் போங்க’ என்று சீட்டு எழுதித் தருவதை மட்டும் செய்தால், அந்த உயிரை வழியில் விட்டுவிடுகிறோம்.

என்ன வசதி வேண்டும்? ஒரு கண்ணாடிக் குழாய். சுத்தமான, உலர்ந்த, சோப்புத்தூள் போட்டுக் கழுவாத புதிய கண்ணாடிக் குழாய். அதில் 2 மில்லி இரத்தத்தை எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைத்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். கட்டியாக உறையாமல் ஓடினால் நஞ்சு இரத்தத்தில் ஏறிவிட்டது. இதற்கு ஆய்வகம் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். பிளாஸ்டிக் குழாயில் இதைச் செய்யக் கூடாது. முடிவு தவறாக வரும். எல்லாம் பிளாஸ்டிக் ஆகிவிட்ட காலத்தில் இந்தக் கண்ணாடிக் குழாய்தான் பல இடங்களில் கிடைப்பதில்லை.

நரம்பைத் தாக்கியிருக்கிறதா என்று பார்க்க அதுவும் வேண்டாம். மேலே பார்க்கச் சொல்லுங்கள், இமை தொங்குகிறதா என்று தெரியும். தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லுங்கள். ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொல்லுங்கள். போன தடவை 25 வரை எண்ணியவர் இப்போது 12இல் நின்றுவிட்டால் மூச்சுத் தசை தளர்கிறது என்று அர்த்தம். எழுதப் படிக்கத் தெரியாத நோயாளிக்கும் எண்ணத் தெரியும். அவர் எண்ணுவதைக் காது கொடுத்துக் கேட்க ஒரு செவிலியர் இருந்தால் போதும்.

அடுத்தது விஷமுறிவு மருந்து. நம் நாட்டு மருந்து நான்கு பாம்புகளுக்கும் சேர்த்துச் செய்யப்பட்டது. உறையவைத்து உலர்த்திய தூளாக வரும் மருந்தைக் குளிர்ச்சியான அறையில் வைத்தாலே நிற்கும். 10 மில்லி குப்பி ஒன்று கண்ணாடி விரியனின் நஞ்சில் 6 மில்லிகிராமை முறிக்கும். ஒரு கடியில் அது சராசரியாக 60 மில்லிகிராமுக்குச் சற்று மேல் இறக்குகிறது. அதனால்தான் 8 முதல் 10 குப்பியில் தொடங்கச் சொல்கிறார்கள். ஒரு குப்பி, இரண்டு குப்பி போட்டு அனுப்புவதில் பயனில்லை. குழந்தைக்கும் அதே அளவுதான். குழந்தை சிறியது என்பதற்காகப் பாம்பு நஞ்சைக் குறைத்துக் கொடுப்பதில்லை. இரத்தத்தைத் தாக்கிய கடியில் 6 மணி நேரம் கழித்து மறுபடியும் கண்ணாடிக் குழாய்ச் சோதனை செய்து, தேவையிருந்தால் இன்னொரு தவணை போட வேண்டும். நஞ்சு ஏறியதற்கு அடையாளமே இல்லாதவருக்கு இந்த மருந்தைப் போடக் கூடாது. அவரை ஒரு நாள் முழுக்கக் கண்காணிப்பில் வைத்திருக்க வேண்டும்.

சின்ன மருத்துவமனைகள் இந்த மருந்தைத் தொடப் பயப்படுவதற்குக் காரணம் ஒவ்வாமை. குதிரையின் இரத்தத்திலிருந்து எடுக்கும் மருந்து என்பதால் சிலருக்கு உடம்பு தடித்து, மூச்சு இறுகி, இரத்த அழுத்தம் விழும். இந்தப் பயத்துக்கு விடை நம் ஊர்ப் பெயரையே கொண்ட இன்னொரு கதிர்காமம் இருக்கும் நாட்டிலிருந்து வந்தது. இலங்கையில் 1,007 நோயாளிகளை வைத்து நடந்து 2011இல் வெளியான ஆய்வு அது. விஷமுறிவு மருந்துக்கு முன்பு சிறு அளவு அட்ரினலினைத் தோலுக்கடியில் போட்டால் கடுமையான ஒவ்வாமை முதல் ஒரு மணி நேரத்தில் 43 சதவீதம் குறைகிறது என்று காட்டினார்கள். அட்ரினலின் மிக மலிவான மருந்து. ஒவ்வாமை வந்துவிட்டாலும் அதற்கு மருந்து அதுதான், தொடைத் தசையில் போட வேண்டும். அட்ரினலினும் அதைப் போடத் துணிந்த கையும் இருக்கும் இடத்தில் விஷமுறிவு மருந்தைப் போடலாம்.

கடைசியாக மூச்சு. கட்டு விரியன் நஞ்சு நரம்பு முனையைச் சேதப்படுத்திவிட்டால் எத்தனை குப்பி போட்டாலும் உடனே சரியாகாது. நரம்பு தானாக மீள நாட்கள் ஆகும். அதுவரை யாராவது அவருக்காக மூச்சு விட வேண்டும். வென்டிலேட்டர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் கையால் அழுத்தும் ஆம்பு பை இருக்கிறது. சில நிமிடங்களில் யாருக்கும் அதைக் கற்றுத் தரலாம்.

நான் பணியாற்றிய ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு காலையில் 17 வயதுப் பெண்ணைத் தூக்கி வந்தார்கள். செங்கல் சூளையில் குடிசை போட்டுத் தங்கியிருந்த குடும்பம். விடியற்காலையில் வயிற்று வலி என்று பக்கத்தில் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போயிருக்கிறார்கள். வாயுத் தொல்லை என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். எங்களிடம் வந்தபோது இமை இரண்டும் மூடியிருந்தன, மூச்சு மேலோட்டமாக இருந்தது. மருந்தை ஏற்றினோம். 108 வண்டியில் வழி நெடுக அவருடைய அண்ணன் ஆம்பு பையை அழுத்திக்கொண்டே வந்தார். அவருக்குக் கை ஓய்ந்தால் நான் வாங்கிக்கொண்டேன். வண்டியில் ஏற்றும்போது உறவுக்காரர் ஒருவர், ‘கண்ணு வெறிச்சிப் போச்சு, இனி ஊருக்கே கொண்டுபோயிடலாம்’ என்றார். ஆறாம் நாள் அந்தப் பெண் பேசினார். முதலில் சொன்னது, ‘மாமா சொன்னது எல்லாம் கேட்டுச்சு டாக்டர், என்னால வாயத் தெறக்க முடியல’ என்பதுதான்.

இதை எல்லா மருத்துவமனைச் சுவரிலும் எழுதி வைக்க வேண்டும். கட்டு விரியன் கடித்தவருக்கு உடம்பு அசையாது, கண்மணி விரிந்து நிற்கும், பார்த்தால் பிணம் போலத் தெரியும். உள்ளே நினைவு இருக்கும், காது கேட்கும். அவசரப்பட்டு இறந்துவிட்டார் என்று சொல்லக் கூடாது.

நஞ்சு எடுக்கும் கைகள்

இந்த மருந்து எங்கிருந்து வருகிறது? பிரெஞ்சு ஆட்சியில் இருந்த நம் ஊருக்கு இதில் ஒரு தூரத்துச் சொந்தம் உண்டு. இன்னொரு பிரெஞ்சுக் காலனியான சைகோனில் 1891இல் பாஸ்டர் நிறுவனத்தை அமைத்தவர் அல்பேர் கால்மெத். நாகத்தின் நஞ்சைக் கொண்டு முதல் விஷமுறிவு மருந்துகளில் ஒன்றை 1890களின் நடுவில் செய்தவர் அவர். அந்த மருந்து எல்லாப் பாம்புக்கும் கேட்கும் என்று அவர் நம்பினார். இந்தியாவில் பணியாற்றிய ஜார்ஜ் லாம்ப் போன்றவர்கள், நாகத்துக்குச் செய்த மருந்து கண்ணாடி விரியனுக்குக் கேட்காது என்று நிறுவினார்கள். எந்தப் பாம்பின் நஞ்சோ அந்தப் பாம்புக்கான மருந்து என்ற பாடம் அப்போதே கிடைத்தது.

இன்று அந்த நஞ்சை எடுப்பவர்கள் இருளர்கள். பாம்புத் தோலுக்காகப் பாம்பு பிடித்து வாழ்ந்தவர்கள். 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், பிறகு தோல் ஏற்றுமதிக்கு வந்த தடையும் அந்தப் பிழைப்பை நிறுத்தின. 1978இல் ரோமுலஸ் விட்டேகரின் முயற்சியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் நாம் சென்னைக்குப் போகும் வழியில், வடநெம்மேலியில் இருக்கிறது. பிடித்த பாம்பை மண்பானையில் சுமார் மூன்று வாரம் வைத்து, நான்கு முறை நஞ்சு எடுத்து, வயிற்றுச் செதிளில் அடையாளம் இட்டு, மறுபடியும் காட்டில் விட்டுவிடுகிறார்கள். இந்தியாவில் விஷமுறிவு மருந்து செய்யப் பயன்படும் நஞ்சில் பெரும்பகுதி இந்தக் கைகளிலிருந்து போகிறது. 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. மகிழ்ச்சி.

ஆனால் இந்த இருளர்களைப் புதுச்சேரி மண்ணில் பட்டியல் பழங்குடி என்று ஏற்றது 2016 டிசம்பரில்தான். அதுவரை இந்த யூனியன் பிரதேசத்தின் பட்டியலில் எந்தப் பழங்குடியும் இல்லை. நாட்டுக்கே மருந்துக்கான நஞ்சைக் கொடுக்கும் சமூகம் சாதிச் சான்றிதழுக்கு அலைந்தது, இன்னும் பல இடங்களில் அலைகிறது. சூளையில் முன்பணத்துக்கு உழைக்கிறது. தரையில் படுக்கிறது. நஞ்சு எடுக்கும் சமூகத்தின் பிள்ளைக்கே நேரத்துக்கு அந்த மருந்து கிடைக்காமல் போவதைவிடப் பெரிய அநீதி வேறு என்ன?

என்ன கேட்க வேண்டும்

2024 மார்ச்சில் ஒன்றிய அரசு பாம்புக்கடிக்கான தேசியச் செயல்திட்டத்தை வெளியிட்டது. 2030க்குள் இறப்பைப் பாதியாகக் குறைப்பது இலக்கு. அதே ஆண்டு நவம்பரில், பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கும்படி மாநிலங்களுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் எழுதியது. தமிழ்நாடு அந்த மாதமே அறிவித்தது. இனி ஒவ்வொரு கடியும் ஏட்டில் ஏற வேண்டும். அந்தப் படிவத்தில் வயதும் ஊரும் மட்டும் போதாது. என்ன வேலை செய்தார், எங்கே படுத்திருந்தார், முதலில் எந்த வாசலுக்குப் போனார், அங்கே மருந்து போட்டார்களா என்பதும் எழுதப்பட வேண்டும். அப்போதுதான் சேரி கணக்கில் வரும்.

நலவழித்துறையிடம் நாம் கேட்க வேண்டியவை சிலதான். ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சமுதாய நலவழி மையத்திலும் இரவு நேரத்திலும் குறைந்தது 20 குப்பி விஷமுறிவு மருந்து. கண்ணாடிக் குழாய்கள். அட்ரினலின். பெரியவருக்கும் குழந்தைக்கும் ஆம்பு பை. மருத்துவருக்கும் செவிலியருக்கும் ஆண்டுக்கு ஒரு நாள் பயிற்சி. மேல் மருத்துவமனைக்கு அனுப்புவதானால் முதல் தவணை மருந்தைத் தொடங்கி, மூச்சைக் கவனிக்க ஓர் ஆளையும் கூட அனுப்பும் வழக்கம். இதில் எதுவும் கோடிக்கணக்கில் செலவாகும் காரியம் இல்லை.

நம்மிடமும் வேலை இருக்கிறது. நேபாளத்தின் தமக் நகரைச் சுற்றிய கிராமங்களில் ஒரு முயற்சி நடந்தது. கடிபட்டவரை மோட்டார் சைக்கிளில் நடுவில் உட்கார வைத்து, பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்ள, உடனே சிகிச்சை மையத்துக்குக் கொண்டுபோக இளைஞர்களை ஏற்பாடு செய்தார்கள். மக்களுக்கும் விளக்கிச் சொன்னார்கள். கடிபட்டவர்களில் இறப்பு 10.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாக இறங்கியது. நம் காலனிகளில் பைக் இல்லாத தெரு இல்லை. தெருவுக்கு இரண்டு இளைஞர்கள் பெயரும் போன் நம்பரும் சுவரில் எழுதப்படட்டும். எந்த மருத்துவமனையில் மருந்து இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

கடிபட்டால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். மோதிரம், மெட்டி, கொலுசைக் கழற்றிவிடுங்கள். கை காலை அசைக்காமல் ஒரு கட்டை வைத்துத் தளர்வாகக் கட்டிக் கொண்டுபோங்கள். பாம்பைத் தேடி அடிக்க நேரத்தை வீணாக்காதீர்கள். தரையில் படுப்பவர்கள் கொசுவலையைப் பாய்க்கடியில் செருகிப் படுங்கள்; அது கட்டு விரியனையும் தடுக்கும். ஆனால் கொசுவலையோடு திருப்தி அடைந்துவிடாதீர்கள். கட்டில் போட இடமுள்ள வீடும், கழிப்பறையும், தெருவிளக்கும் கேட்டுப் போராடுவதும் பாம்புக்கடி ஒழிப்புதான்.

எழுத்தாளர்களிடம் ஒரு வேண்டுகோள். நம் கதைகளில் பாம்புக்கடி விதியாகவும் சாபமாகவும் வந்திருக்கிறது. இனி அதில் அந்த ஒரு மணி நேரமும் வரட்டும். எந்த வாசலில் கதவு திறந்தது, எங்கே ‘நாளைக்கு வா’ என்றார்கள், யார் பையை அழுத்தினார்கள் என்பது வரட்டும். ஒரு பைசா விலையில் நம் மக்களிடம் அறிவைக் கொண்டுசேர்க்க முடியும் என்று நம்பியவர் பண்டிதர். இந்தப் பேச்சு அச்சாகி உங்கள் கைக்கு வரும்போது, பயன்படும் பக்கத்தைக் கிழித்து உங்கள் ஊர் சுகாதார நிலையத்தில் கொடுங்கள். கண்ணாடிக் குழாய் இருக்கிறதா, எத்தனை குப்பி இருக்கிறது என்று கேளுங்கள். இல்லை என்றால் எழுதிக் கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள்.